அந்துப்பூச்சிக்குப் பதினாறு பிரிவுகள்

2008 ஜூனில், கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் நான் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. என் வேலை பெரும்பாலும் பட்டியல் போடுவது. தீயணைப்பான்கள் எத்தனை, அவற்றில் காலாவதியானவை எத்தனை, கண் கழுவும் குழாய்களில் தண்ணீர் வருபவை எத்தனை. மற்ற பயிற்சியாளர்கள் இந்த வேலையை வெறுத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. எண்ணி முடித்துக் கூட்டல் போட்டு அடியில் கோடு கிழிக்கும்போது உலகம் கொஞ்ச நேரத்துக்கு ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும்.

அந்த மாதம் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. வியாழக்கிழமை காலை ஏழு முதல் எட்டு வரை பசுமை வளையத்தில் இயற்கை நடை. தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, கண்ணாடி கட்டாயம். பசுமை வளையம் என்பது மதிற்சுவரை ஒட்டி நான்கு வரிசையாக நின்ற வேம்பும் புங்கமும் சவுக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

நடக்க வந்தவர்கள் பதினைந்து பேர். மஞ்சள் தலைக்கவசத்தோடு அண்ணாந்து பறவை பார்ப்பது எளிதல்ல என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. யாராவது மேலே பார்த்தால் பின்னால் ஒரு கவசம் உருளும். பார்த்த உயிரினங்களைப் பட்டியலிடுவது என் பொறுப்பு. குறைந்தது இருபத்தைந்து தேற வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி சொல்லியிருந்தார். ஏழே காலுக்குப் பதினொன்று சேர்ந்திருந்தது. கட்டெறும்பையும் சித்தெறும்பையும் தனித்தனியாக எழுதலாமா என்று விவாதம் நடந்தது. உணவகத்துப் பூனையைச் சேர்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

பன்னிரண்டாவதாக அது வந்தது. ஒரு வேப்பமரத்தின் அடிப்பகுதியில், பட்டையின் நிறத்திலேயே, சிறகுகளைக் கூரை மாதிரி மடக்கி உட்கார்ந்திருந்தது. என் கட்டைவிரலைப் போல இரண்டு பங்கு பருமன். அதன் முதுகில், தலைக்குச் சற்றுப் பின்னால், வெளிர் மஞ்சளில் ஒரு மண்டையோடு. இரண்டு கறுத்த கண்குழிகள், கீழே தாடை. சந்தேகத்துக்கு இடமில்லாத மண்டையோடு.

வேறு ஊரில், வேறு தொழிலில் இருக்கும் பதினைந்து பேர் இதைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருக்கலாம், இல்லை செருப்பைக் கழற்றியிருக்கலாம். நாங்கள் பதினைந்து பேரும் ஒரே மாதிரி ஓரடி பின்வாங்கினோம். ஏனென்றால் அந்தப் படத்தை நாங்கள் தினமும் டிரம்களில் பார்க்கிறவர்கள். மண்டையோடு என்றால் நச்சு. தொடாதே, முகராதே, பாதுகாப்புத் தாளைப் படி. யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு அதிகாரி இரண்டு கைகளையும் விரித்து எங்களை நிறுத்தினார். பிறகு தலையைத் தூக்கி, உலைக்கூடத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயைப் பார்த்தார். காற்று பூச்சியிலிருந்து எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லோரையும் மரத்தைச் சுற்றி மறுபக்கத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

அப்போது தோட்டத்துப் பெண்களில் ஒருவர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களைப் பார்த்தார், நாங்கள் பார்க்கும் மரத்தைப் பார்த்தார், குழாயைக் கீழே போட்டுவிட்டுப் போய் அதை வெறும் கையால் பிடித்தார். பூச்சி உரக்கக் கீச்சிட்டது. அந்துப்பூச்சிக்குக் குரல் உண்டு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பூச்சி சார்," என்று அக்கா கையை நீட்டினார். "எலிக்குஞ்சு மாதிரி கத்துது."

"கீழ போடும்மா," என்றார் அதிகாரி.

"போட்டா பறந்துடுமே சார். பாக்கத்தான வந்தீங்க?"

அடுத்து நடந்தது எங்கள் கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் உள்ளபடியே நடந்தது. பூச்சியை, முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு, நான் ரசாயன மாதிரி எடுக்கும் வாயகன்ற போத்தலில் வாங்கி மூடினேன். அக்காவை அவசரக் குளியல் குழாயின் கீழ் நிறுத்தினார்கள். பதினைந்து நிமிடம். கடிகாரம் பார்த்தது நான். முதல் இரண்டு நிமிடம் அவர் கோபமாக நின்றார். ஐந்தாவது நிமிடத்தில் கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"சோப்பு இருந்தா குடுக்கச் சொல்லு பாப்பா," என்றார். "எங்க தெருவுல மூணு நாளா தண்ணி வர்ல."

போத்தலில் அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பதால் அதன்மேல் ஒரு மண்டையோடு ஒட்டினேன். உள்ளே இருந்த பொருள் தன் சீட்டைத் தானே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது என்பது அப்போது தோன்றியது.

விதி இதுதான்: அடையாளம் தெரியாத நச்சுப் பொருளைத் தொட்டவர், அந்தப் பொருள் என்னவென்று தெரிந்து, அதற்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் வந்து, அதிகாரி கையெழுத்திடும் வரை ஆலைக்குள் வரக்கூடாது. தரவுத்தாள் என்பது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள பதினாறு பிரிவுகள் கொண்ட ஜாதகம். எப்படித் தீப்பிடிக்கும், கண்ணில் பட்டால் என்ன செய்வது, எப்படி அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் இருக்கும். இது பூச்சி என்று அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த ஆலையில், சீட்டு உரிந்துபோன டிரம் ஒன்றை ஒருவர் வெறும் கையால் துடைத்ததைப் பார்த்தவர். "அன்னிக்கி அது தண்ணின்னுதாம்மா எல்லாரும் சொன்னாங்க," என்றார்.

தோட்ட ஒப்பந்தத்தின் மேஸ்திரிக்கு இந்தத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. ஆள் குறைந்தால் வேறு ஆள். அடுத்த வியாழன் வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொருத்தியைப் போட்டுவிடுவேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். அவருடைய சம்பாத்தியம் மீனைப் பொறுத்தது. மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு வந்தது இந்த வேலையின் சம்பளம் மட்டும்தான். ஆறு வருடமாக அங்கே இருந்தார். அந்த வேப்பமரத்தை நட்டவர்களில் அவரும் ஒருவர்.

எனக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டன. ஒன்று, தரவுத்தாள். இரண்டு, பொருளைத் தொட்டவரைத் தினமும் மாலையில் நேரில் பார்த்துக் கண்காணிப்புப் படிவத்தை நிரப்புவது. பெண் என்பதால் நான்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள், எண் போட்டு, வரிசையாக. கதவருகே உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். தடிப்பு இல்லை. வாந்தி இல்லை. கை நடுக்கம் இல்லை.

"குழப்பம்?"

"இருக்குது, எழுதிக்க," என்றார். "பூச்சிய புடிச்சதுக்கு வேல இல்லன்றாங்களே, அது ஒரே குழப்பமா இருக்குது."

எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று உண்மையாகவே யோசித்தேன். கடைசியில் 'இல்லை' என்று போட்டேன். பசி என்ற கட்டத்துக்கு அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் சாப்பிட்டால்தான் தானும் சாப்பிடுவேன் என்றார். காரப்பொடி மீன் குழம்பு. இருவருக்கும் பசி இயல்பாக இருந்தது.

சனிக்கிழமை நான் போனபோது பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு பெண்கள் எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். காகிதத்தோடு வருகிறவர்களிடம் பேர் கொடுத்துவைப்பது நல்லது என்று அந்தத் தெருவில் எல்லோரும் கற்றிருந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டு கொண்டுவந்திருந்தார். இது உதவித்தொகைக்கு இல்லை, பூச்சியைத் தொட்டவர்களுக்கு மட்டும் என்று விளக்கினேன்.

"நானும் தொட்டதா போட்டுக்கயேன்," என்றார் ரேஷன் கார்டுக்காரர். "ரெண்டு முட்டியும் வலி."

அவர்களை எழுப்பி அனுப்ப முடியவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் நால்வரையும் எழுதிக்கொண்டேன். எல்லோருக்கும் மூட்டுவலி. இரண்டு பேருக்கு இராத்தூக்கம் இல்லை. ஒருவருக்கு மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை பூச்சியைச் சிதம்பரத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே அக்கா, என் கூடப்பிறந்த அக்கா, குடியிருந்தாள். மாமா பள்ளியில் விலங்கியல் வாத்தியார். ஆலை வாசலில் காவலர் நிறுத்தி, வெளியே போகும் பொருளுக்கு அனுமதிச் சீட்டு கேட்டார். பொருள்: பூச்சி. எண்ணிக்கை: ஒன்று. திரும்ப வருமா, வராதா என்று ஒரு கேள்வி இருந்தது. அது பூச்சியைப் பொறுத்தது என்றேன். வராது என்று அவரே எழுதிக்கொண்டார்.

வாசலிலேயே சிதம்பரம் பஸ் நிற்கும். கூட்டம். போத்தலை மடியில் வைத்துக்கொண்டேன், காற்றுக்காக மூடியில் வலைத்துணி கட்டியிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, பூச்சி கீச்சிட்டது. முன்சீட்டில் மூன்று பேர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த பள்ளத்தில் மறுபடியும். "யாருது, எடுத்துப் பேசித் தொலைங்க," என்றது ஒரு குரல். பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தார். போத்தல் மேல் ஒரு மண்டையோடு, போத்தலுக்குள் ஒரு மண்டையோடு. எழுந்து கடைசி சீட்டருகே போய் நின்றுகொண்டார். புதுச்சத்திரத்திலிருந்து சிதம்பரம் வரை மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான் தனியாக வந்தேன்.

மாமா போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பழைய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். இந்த மண்டையோட்டுக் குடும்பத்தில் நம் பக்கம் இரண்டு வகை உண்டாம். பின்சிறகின் அடிப்பகுதி கறுத்திருந்தால் ஒன்று. மஞ்சளாக இருந்து இரண்டு கறுப்புப் பட்டை ஓடினால் மற்றது. பின்சிறகு முன்சிறகுக்கு அடியில் ஒளிந்திருந்தது. இடுக்கியால் தூக்கிப் பார்க்கலாம் என்றார் மாமா. என் வீட்டுக் கூடத்தில் அதெல்லாம் வேண்டாம் என்றாள் அக்கா. ஆகவே அதுவாக விரிக்கும் வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று. தட்டில் கொஞ்சம் தேன் வைத்தோம். அது குட்டையான உறிஞ்சுகுழலை நீட்டித் தேனைக் குடித்தது. பிறகு ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டது.

நான்கு மணி நேரம். மாமா ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி, நடுவில் தட்டு. அக்கா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே, பொண்ணு பார்க்க வந்தவுங்க கூட இவ்வளவு நேரம் உட்காரல என்று மாமாவின் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பூச்சி நடுங்கத் தொடங்கியது. இயந்திரம் சூடேறுவதுபோல் ஒரு நடுக்கம். சிறகுகள் மெல்ல விரிந்தன. மஞ்சள். குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டை.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா."

"எழுதிக்க. அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ்."

நான் எழுதி முடிப்பதற்குள் அது எழும்பி, துணிக்கொடிக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, சன்னல் வழியாகப் போய்விட்டது. காவலர் எழுதியது சரிதான். கடிக்காது, கொட்டாது, விஷம் கிடையாது. தேன்கூட்டுக்குள் புகுந்து திருடும். புழுவாக இருக்கும்போது எள்ளுச்செடியைத் தின்னும் என்றார் மாமா. விஷம் கிடையாது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். தேர்வுத்தாள் தவிர வேறு எதிலும் தன் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றார். அன்றிரவு திரும்பும் வழியில் குப்பத்து அக்காவைப் பார்த்து அன்றைய படிவத்தை நிரப்பினேன்.

திங்கட்கிழமை முழுக்கத் தரவுத்தாள் எழுதினேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. கொதிநிலை: பொருந்தாது. நீரில் கரையும் தன்மை: கரையாது. மணம்: தேன் குடித்தபின் லேசாக. நிலைத்தன்மை என்ற பிரிவில், பகலில் நிலையானது, மாலை ஆறு மணிக்கு மேல் நிலையற்றது என்று எழுதினேன். தற்செயலாக வெளியேறினால் என்ன செய்வது: சன்னலைத் திறந்து வைக்கவும். தீப்பற்றும் தன்மையில் கொஞ்சம் தடுமாறினேன். தீ அதைத் தேடி வராது, அதுதான் தீயைத் தேடிப் போகும். அப்படியே எழுதினேன். போக்குவரத்து: பேருந்தில், மடியில், வலைத்துணி கட்டிய போத்தலில். இவற்றில் எதையும் விளையாட்டாக எழுதவில்லை. வெறும் கட்டம் ஒன்று இருந்தால் தாள் திரும்பி வரும், ஒரு நாள் போகும் என்பது எனக்குத் தெரியும்.

இருந்தும் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. பதினோராம் பிரிவு, நச்சுத்தன்மை. நான் 'தகவல் இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"தகவல் இல்லன்னா ஆபத்து இல்லன்னு அர்த்தம் இல்லம்மா," என்றார் அதிகாரி.

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். உலகத்தில் யாராவது இந்தப் பூச்சியைத் தொட்டு, தொட்ட பிறகு நாள்கணக்கில் கண்காணிக்கப்பட்டிருக்கிறார்களா, அதற்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு உணவு இடைவேளைக்குப் போனார். நான் என் மேசையில் உட்கார்ந்து நான்கு நாள் கண்காணிப்புப் படிவங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தாளை அடுக்கும்போதுதான் என் கையில் இருப்பது என்ன என்று புரிந்தது. தகவலுக்காக யாரை வெளியே நிறுத்தி வைத்திருந்தோமோ அவர்தான் தகவல்.

புதன்கிழமை இரவுக்குள் பதினோராம் பிரிவை முடித்தேன். பெண், வயது முப்பத்தெட்டு. வெறும் உள்ளங்கை, சுமார் இரண்டு நிமிடத் தொடர்பு. ஆறு நாள் கண்காணிப்பு. தடிப்பு, வாந்தி, நடுக்கம், குழப்பம்: இல்லை. ஒப்பீட்டுக்காக, அதே தெருவில் வசிக்கும், பூச்சியைத் தொடாத நான்கு பெண்கள்: நால்வருக்கும் மூட்டுவலி. தொட்டவருக்கு மூட்டுவலி இல்லை. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது என்று நேர்மையாகச் சேர்த்தேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு வாசலில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் அக்கா. இன்னொருவர் மேஸ்திரி கூட்டிவந்த புது ஆள், சாப்பாட்டுப் பையோடு. இருவரும் தெரிந்தவர்கள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அதிகாரி தாளை முதல் பிரிவிலிருந்து படித்தார். நாற்பது நிமிடம் படித்தார். பதினோராம் பிரிவில் நிறுத்தி, முட்டி வலிக்கு இந்தப் பூச்சி நல்லதா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையாளுதல் பிரிவுக்குப் போனார். 'முன் அனுபவம் உள்ளவர் மட்டும் கையாளலாம்' என்று எழுதியிருந்தேன். எல்லாத் தரவுத்தாளிலும் இருக்கும் வரி. அந்த அனுபவம் நம் ஆலையில் யாருக்கு இருக்கிறது என்றார். வாசலில் நிற்கிற ஒருவருக்குத்தான் என்றேன். அப்படியானால் அவரை முதல் பிரிவில், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் போடச் சொன்னார். அக்காவின் பெயரை அடையாள அட்டை எண்ணோடு எழுதினேன். கையெழுத்திட்டார்.

புது ஆளை மேஸ்திரி உணவக வேலைக்கு அனுப்பிவிட்டார். அக்கா உள்ளே வந்தார். வந்து குழாயை எடுப்பதற்குள், கொதிகலன் கூடத்திலிருந்து அழைப்பு: குழாய்மேல் பெரிய பூச்சி. தாளில் இருப்பதுபோல் அக்கா கவசம், கண்ணாடி, முழங்கைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு போனார். கரப்பான். எடுத்து வெளியே போட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மூன்று ஷிப்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். விட்டில், தும்பி, ஒருமுறை மேலாளரின் அறையில் பல்லி. பல்லி தன் தாளில் இல்லை என்று மறுத்துவிட்டார்.

2011இல் தோட்ட ஒப்பந்தம் கைமாறியது. புது ஒப்பந்தக்காரர் தன் ஆட்களோடு வந்தார். பழையவர்கள் மாத முடிவோடு போகலாம் என்றார். அக்காவைத் தவிர. தரவுத்தாள் கட்டுப்பாட்டு ஆவணம், நினைத்தபடி திருத்த முடியாதது. பதினோரு இடத்தில் நகல் இருந்தது. அதிலுள்ள அவசரத் தொடர்பை மாற்ற வேண்டுமானால் புதிய ஆள் பூச்சியைத் தொட்டு, ஆறு நாள் கண்காணிக்கப்பட்டு, பதினாறு பிரிவையும் திருத்தி எழுத வேண்டும். அந்தத் தொல்லைக்கு யாரும் தயாராக இல்லை. மற்ற இரண்டு பெண்களைப் பற்றி எந்த ஆவணத்திலும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அக்கா அன்று உணவு இடைவேளையில் என் மேசைக்கு வந்தார்.

"அவுங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு அன்னிக்கே புடிச்சிக் குடுத்திருக்கலாம் பாப்பா."

இன்னும் மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நான் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டேன். அந்த இருவரும் கூட வந்தார்கள். நான்கு பேரும் மதிற்சுவரை ஒட்டி ஒவ்வொரு மரமாக, அடியிலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரை, பட்டையைத் தடவித் தேடினோம். பார்த்த மரங்கள் நாற்பத்தொன்று. கிடைத்தவை: ஓணான் இரண்டு, கட்டெறும்பு எண்ணவில்லை.